ஓக்லண்டுக்கு வெளியே

1989 ஆகஸ்ட் 22 அதிகாலை, கலிஃபோர்னியாவின் மேற்கு ஓக்லண்டில் ஹியூயி நியூட்டன் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 47. சுட்டவன் போதைப்பொருள் கும்பல் ஒன்றைச் சேர்ந்த இளைஞன். 1966 அக்டோபரில் பாபி சீலுடன் சேர்ந்து அதே ஊரில் கறுப்பின மக்களுக்கான கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கியவர், கொக்கெய்னுக்கு அடிமையாகி, தாம் கட்சி வளர்த்த தெருக்களிலேயே செத்துக் கிடந்தார். கருஞ்சிறுத்தைகளைப் பற்றி எழுதும் எவரும் இந்தச் சாவைத் தாண்டிப் போக முடிவதில்லை. அந்தக் கட்சி தொடக்கத்திலிருந்தே ரவுடிக் கூட்டம்தான், அரசியல் வெறும் மேல்பூச்சு என்று நினைப்பவர்கள் இதையே முதல் சாட்சியாக நிறுத்துகிறார்கள். எஃப்.பி.ஐ. துரத்தித் துரத்திச் சிதைத்த மனிதர் வேறு எப்படி முடிந்திருப்பார் என்று கேட்பவர்களும் இதையேதான் காட்டுகிறார்கள். மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு. அமெரிக்கக் காங்கிரஸில் முப்பது ஆண்டுகள் இருந்த பாபி ரஷ், யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து எமரியில் சட்டம் கற்பித்த கேத்லீன் கிளீவர் என்று பெயர்களை அடுக்கி, கட்சி தோற்கவில்லை, அதன் ஆட்கள் உயர்ந்த இடங்களுக்குப் போய்விட்டார்கள் என்று ஆறுதல் சொல்லும் தரப்பு.

இந்த மூன்றையும் நான் ஏற்கவில்லை. ஒருவர் எப்படிச் செத்தார், எந்தப் பதவியை எட்டினார் என்பதை வைத்து அவர் இருந்த இயக்கத்தை எடைபோட முடியாது. பிற்கால வாழ்க்கை சாட்சி சொல்லும், ஆனால் அதனிடம் சரியான கேள்வியைக் கேட்க வேண்டும். இயக்கம் கலைந்தபிறகு, கட்டளையிட ஆளில்லாதபோது, அவர்கள் தாமாக எதைத் தொடர்ந்து செய்தார்கள்? இயக்கத்தின் கையால் அடிபட்டவர்கள் பின்னாளில் அதைப் பற்றி என்ன சொன்னார்கள்? எந்தச் சேதம் அரசு செய்தது, எந்தச் சேதம் தாமே செய்துகொண்டது? இந்தக் கேள்விகளோடு அந்த வாழ்க்கைகளைப் படித்தால் தலைமையகமான ஓக்லண்டில் கிடைக்கும் விடை வேறு, அதற்கு வெளியே கிடைக்கும் விடை வேறு.

அரசின் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். அதைச் சொல்லாமல் கட்சியின் தவறுகளுக்குப் போவது நேர்மையாக இருக்காது. எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர் 1969இல், நாட்டின் உள்பாதுகாப்புக்கு இக்கட்சியே மிகப் பெரிய அபாயம் என்று அறிவித்தார். எஃப்.பி.ஐ.யின் 'கொயின்டெல்ப்ரோ' என்ற இரகசியத் திட்டத்தில் கறுப்பின அமைப்புகளுக்கு எதிராக அனுமதிக்கப்பட்ட 295 நடவடிக்கைகளில் 233 கருஞ்சிறுத்தைகள்மீது ஏவப்பட்டவை என்று அமெரிக்க செனட்டின் சர்ச் குழு 1976இல் பதிவுசெய்தது. போலிக் கடிதங்கள் எழுதினார்கள். தலைவர்களுக்கு இடையே ஒருவரைப் பற்றி ஒருவருக்குக் கோள் மூட்டினார்கள். கட்சிக்குள் ஆள்காட்டிகளை நட்டார்கள்.

சிகாகோவில் 1969 டிசம்பர் 4 விடியுமுன் நடந்தது இதன் உச்சம். இல்லினாய் கிளையின் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனுக்கு வயது 21. அவருடைய பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த வில்லியம் ஓ'நீல் எஃப்.பி.ஐ.யின் கூலியாள். வீட்டின் வரைபடத்தை, எந்த அறையில் எந்தக் கட்டில் என்பது உட்பட, வரைந்து கொடுத்தவர் அவர். போலீஸ் 80க்கும் மேற்பட்ட குண்டுகள் சுட்டது. உள்ளிருந்து ஒரே ஒரு குண்டு வெளிவந்தது. நிறைமாதக் கர்ப்பிணியான துணைவி பக்கத்தில் படுத்திருக்க, ஹாம்ப்டன் படுக்கையிலேயே கொல்லப்பட்டார். அவரோடு 22 வயதான மார்க் கிளார்க்கும் செத்தார். யாரும் தண்டிக்கப்படவில்லை. 1982இல் 18.5 லட்சம் டாலர் இழப்பீட்டோடு வழக்கு முடிந்தது. ஓ'நீல் 1990 ஜனவரியில் சிகாகோ நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளுக்கு நடுவே பாய்ந்து உயிரைவிட்டார். கருஞ்சிறுத்தைகளின் பிற்கால வாழ்க்கை என்று பேசும்போது இந்த ஆள்காட்டியின் பிற்காலத்தையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கருத்து. பதினேழு பதினெட்டு வயதில் திருட்டுக் கார் வழக்கிலிருந்து தப்பிக்க எஃப்.பி.ஐ.யிடம் சிக்கிய கறுப்பினப் பையன் அவர். அரசு பயன்படுத்திக்கொண்டு விட்டுவிட்ட வாழ்க்கைகளில் அதுவும் ஒன்று.

சிறையைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். வியட்நாம் போரில் பதக்கம் வாங்கி வந்த ஜெரோனிமோ பிராட், 1972இல் ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு, தீர்ப்புக்கு முந்திய காவலையும் சேர்த்து 27 ஆண்டுகள் உள்ளே இருந்தார். அவருக்கு எதிரான முக்கியச் சாட்சி ஓர் ஆள்காட்டி என்ற உண்மை நடுவர்களிடம் மறைக்கப்பட்டிருந்தது. 1997இல் தீர்ப்பு ரத்தானது, இழப்பீடாக 45 லட்சம் டாலர் கிடைத்தது. 2011இல் டான்சானியாவில் இறந்தார்.

லூயிசியானாவின் அங்கோலா சிறைக்கு வந்தால் கட்சியைப் பற்றிய ஒரு முக்கியமான உண்மை புலப்படுகிறது. பழைய அடிமைத் தோட்டம் ஒன்றின்மீது எழுந்த சிறை அது. கைதிகள் பருத்தி பறித்தார்கள். ஆல்பர்ட் வுட்ஃபாக்ஸ் அங்கே கொள்ளைக் குற்றத்துக்காக வந்தவர். அரசியலோடு எந்த ஒட்டும் இல்லாதவர். நியூயார்க் சிறையில் சில கருஞ்சிறுத்தைகளைச் சந்தித்தபிறகு மாறிப்போனார். ஹெர்மன் வாலஸோடு சேர்ந்து அங்கோலாவுக்குள்ளேயே கட்சிக் கிளை தொடங்கினார். புதிதாக வரும் இளம் கைதிகளைப் பாலியல் வன்முறையிலிருந்து காப்பாற்ற, அவர்கள் வந்திறங்கும் நாளில் துணைக்கு நின்றார்கள். 1972இல் ஒரு சிறைக்காவலர் கொல்லப்பட்ட வழக்கில் இருவரும் சிக்கவைக்கப்பட்டார்கள். இன்னொரு கருஞ்சிறுத்தையான ராபர்ட் கிங் வேறொரு வழக்கில் தனிமைச் சிறைக்குப் போனார். அவர் 29 ஆண்டுகளும் வுட்ஃபாக்ஸ் நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் தனிமையில் இருந்தார்கள். ஆறடிக்கு ஒன்பதடி அறையில் நாளொன்றுக்கு 23 மணி நேரம்.

அந்த அறையில் கிங் மிட்டாய் செய்தார். சாப்பாட்டோடு வரும் சர்க்கரையையும் பாலையும் சேர்த்துவைத்து, காலி சோடா டப்பாக்களால் அடுப்புக் கட்டி, கழிப்பறைக் காகிதத்தைச் சுருட்டி எரித்து, பிராலின் என்ற லூயிசியானா இனிப்பைக் காய்ச்சி மற்றக் கைதிகளுக்குக் கொடுத்தார். 2001இல் வெளியே வந்தபிறகு அதே மிட்டாயைச் செய்து விற்று, உள்ளே இருந்த இருவருக்காகவும் ஊர் ஊராகப் பேசினார். வாலஸ் 2013 அக்டோபர் 1 அன்று விடுதலையாகி மூன்றாம் நாள் புற்றுநோயில் இறந்தார். வுட்ஃபாக்ஸின் தண்டனை ஒன்றுக்கு மேற்பட்ட முறை ரத்தாகியும் அரசு விடவில்லை. 2016இல் தமது 69ஆவது பிறந்தநாளில்தான் வெளியே வந்தார். 'சாலிட்டரி' என்ற அவருடைய நூல் 2019இல் வெளிவந்தது. தம் வாழ்க்கையின் பெரிய சாதனை என்று அதில் அவர் கருதுவது, பக்கத்து அறைக் கைதி ஒருவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்ததை. கருஞ்சிறுத்தைகள் எழுதிய நினைவு நூல்களில் ஒன்றை மட்டும் தமிழில் மொழிபெயர்க்கலாம் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். கட்சி தெருப் பொறுக்கிகளைச் சேர்த்து ஆயுதம் கொடுத்தது என்ற குற்றச்சாட்டுக்கு, தெருவிலிருந்து வந்த ஒருவரே நேருக்கு நேர் பதில் சொல்லும் நூல் அது. கட்சி அவருக்கு ஒழுக்கத்தைக் கொடுத்தது, நாற்பது ஆண்டுத் தனிமையைப் பைத்தியமாகாமல் கடக்கும் அளவுக்கு.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் எஃப்.பி.ஐ.யின் பற்றுக் கணக்கில் எழுத முடியாத சில பெயர்கள் இருக்கின்றன. 1969 மே மாதம் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில், ஆள்காட்டி என்ற சந்தேகத்தின்பேரில் அலெக்ஸ் ராக்லி என்ற இளம் உறுப்பினரைச் சக உறுப்பினர்களே கட்டிவைத்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள். சந்தேகத்தைக் கட்சிக்குள் விதைத்தது அரசாக இருக்கலாம். கொதிக்கும் நீரை ஊற்றிய கைகள் கட்சியுடையவை. 1974இல் ஓக்லண்டில் 17 வயதுப் பெண் ஒருத்தி தெருவில் சுடப்பட்டு இறந்தாள். குற்றம்சாட்டப்பட்ட நியூட்டன் கியூபாவுக்கு ஓடினார். 1977இல் திரும்பி வந்து வழக்கைச் சந்தித்தார். இரண்டு முறையும் நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் வழக்கு கைவிடப்பட்டது. அதே 1974 டிசம்பரில் கட்சியின் கணக்கராக இருந்த பெட்டி வான் பாட்டர் காணாமல்போனார். அடுத்த மாதம் அவர் உடல் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் மிதந்தது. அந்தக் கொலைக்கு யார்மீதும் வழக்கில்லை. கணக்கில் அவர் கண்ட முறைகேடுதான் காரணம் என்று நம்புவோர் பலர். நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படாததால் நானும் அதற்குமேல் சொல்லமாட்டேன். ஆனால் கட்சிக்காரர்கள் எழுதிய நூல்களில் அவர் பெயருக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த அழிவுக்கு ஒரு தொடக்கப் புள்ளி உண்டு என்று நினைக்கிறேன். நியூட்டன் 1970இல் சிறையிலிருந்து வந்தபோது கட்சிக்கு நாடெங்கும் கிளைகள் இருந்தன. ஒவ்வொன்றும் அந்தந்த ஊரின் தேவையைப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தது. 1972இல், மறுஆண்டு ஓக்லண்டு மேயர் தேர்தலில் பாபி சீலை நிறுத்துவதற்காக, பெரும்பாலான கிளைகளை மூடிவிட்டு ஆட்களையும் பொருளையும் ஓக்லண்டுக்குக் கொண்டுவரச் சொன்னது தலைமை. சீல் இரண்டாம் சுற்றுவரை வந்து தோற்றார். தேர்தல் முயற்சியில் தப்பில்லை. 1977இல் அந்நகரின் முதல் கறுப்பின மேயர் வென்றதில் கட்சி திரட்டிய வாக்குகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் கொடுத்த விலை மிகப் பெரிது. ஊர்களோடு இருந்த தொடர்பு அறுந்தது. நூற்றுக்கணக்கான ஆட்களும் பணமும் ஒரே ஊரில், கேள்வி கேட்க முடியாத ஒரே மனிதரைச் சுற்றிக் குவிந்தன. கேட்கக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 1974இல் சீல் விலகினார். கட்சியின் தலைமைச் செயலாளர் டேவிட் ஹில்லியர்ட் சிறைக்குள் இருக்கும்போதே நீக்கப்பட்டார். மதுக்கடைகளிலும் போதைப்பொருள் வியாபாரிகளிடமும் கட்சியின் பெயரால் மாமூல் வாங்கும் ஒரு பிரிவு வளர்ந்தது. எஃப்.பி.ஐ. நியூட்டனின் வீட்டுச் சுவருக்கு அப்புறமிருந்து ஒட்டுக்கேட்டது உண்மைதான். அவர் மனப்பிறழ்வுக்கு அது தீனி போட்டதும் உண்மைதான். ஆனாலும் கிளைகளை மூடும் முடிவை எஃப்.பி.ஐ. எடுக்கவில்லை.

அந்த ஆண்டுகளின் கடைசி விளைவு நெல்சன் மல்லாய். இந்தத் திறனாய்வில் எனக்கு மற்ற எவரையும்விட முக்கியமான சாட்சி அவர்தான். வடக்குக் கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம், ரெனால்ட்ஸ் கம்பெனியின் சிகரெட் ஆலைகளால் வளர்ந்த ஊர். கறுப்பின மக்களின் வீடுகளுக்கு ஆம்புலன்ஸ் ஒழுங்காக வராத ஊரும்கூட. அங்கிருந்த கருஞ்சிறுத்தைக் கிளை எபிஸ்கோபல் திருச்சபையிடம் நிதி வாங்கி, உறுப்பினர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்து, இலவச ஆம்புலன்ஸ் ஓட்டியது. மல்லாய் அதில் பயிற்சி பெற்றவர். பின்னர் கட்சி வேலைக்கு ஓக்லண்டு போனார். 1977 அக்டோபரில், அந்த 17 வயதுப் பெண்ணின் கொலை வழக்கில் நியூட்டனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல இருந்த பெண்ணைக் கொல்லக் கட்சிக்காரர்கள் மூன்று பேர் ரிச்மண்ட் நகருக்குப் போய், தவறான கதவைத் தட்டினார்கள். வீட்டிலிருந்தவர் திருப்பிச் சுட்டார். வந்தவர்களில் ஒருவர் செத்தார். ஃப்ளோரஸ் ஃபோர்ப்ஸ் என்பவருக்குக் கையில் காயம். காயத்துக்கு மருந்திட்டு அவரை நெவாடாவுக்குத் தப்ப வைத்தது மல்லாய், முதலுதவி தெரிந்தவர் என்பதால். விஷயம் தெரிந்த ஆளை உயிரோடு விடக் கூடாது என்று யாரோ முடிவுசெய்ய, தோழர்களே அவரைப் பாலைவனத்தில் சுட்டு, கற்களைப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். வழிப்போக்கர்கள் கண்டெடுத்தார்கள். உயிர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழ் செயலற்றுப்போனது. தமக்கு இதில் தொடர்பில்லை என்றார் நியூட்டன்.

மல்லாய் வின்ஸ்டன்-சேலத்துக்குத் திரும்பினார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மாநகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நீண்ட காலம் உறுப்பினராக இருந்தார். அதே கிளையைத் தொடங்கிய லாரி லிட்டில் 1977இலேயே மன்றத்துக்குப் போய்விட்டிருந்தார். தம்மைக் கொல்லப் பார்த்த கட்சியை மல்லாய் வெறுத்திருந்தால் யாரும் தவறு சொல்ல முடியாது. அவர் தம் ஊர்க் கிளை செய்த வேலையைப் பின்னாளிலும் பெருமையாகவே சொன்னார். 2012இல் அந்த ஊரே கருஞ்சிறுத்தைகளுக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தது. ஓக்லண்டின் குற்றத்துக்கும் வின்ஸ்டன்-சேலத்தின் வேலைக்கும் ஒரே கட்சிப் பெயர்தான் இருந்தது. ஒன்றை வைத்து மற்றொன்றை மறைக்கக் கூடாது என்பதற்கு மல்லாயின் உடலும் உழைப்பும் போதும்.

அவர் மட்டும் இல்லை. சியாட்டில் கிளை தொடங்கிய இலவச மருத்துவமனை, கரோலின் டவுன்ஸ் என்ற கருஞ்சிறுத்தைப் பெண்ணின் பெயரில் வேறொரு நிர்வாகத்தின்கீழ் இன்றும் நடக்கிறது. கான்சாஸ் சிட்டி கிளைத் தலைவர் பீட் ஓ'நீல், துப்பாக்கி வழக்கொன்றில் தண்டனைக்குத் தப்பி 1970இல் நாட்டைவிட்டு ஓடி, 1972இல் டான்சானியா சேர்ந்தார். மனைவி சார்லட்டோடு அருஷாவுக்குப் பக்கத்தில் இம்பாசெனி என்ற கிராமத்தில் நிலம் வாங்கி, செங்கல் செங்கலாகக் கட்டி, ஒரு சமூக மையத்தை எழுப்பினார். இலவச வகுப்புகள், குடிநீர், பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு விடுதி. 1969இல் கான்சாஸ் சிட்டியில் பிள்ளைகளுக்குக் காலை உணவு போட்ட அதே மனிதர், வேறொரு கண்டத்தில் அதே வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறார். கட்டளையிட எந்தத் தலைமையும் இல்லாதபோது செய்தது இது. ஆகவேதான் இதை வலுவான சாட்சியமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஓக்லண்டிலும் நல்லது நடந்தது, அதைச் செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். எரிக்கா ஹக்கின்ஸ் 1973 முதல் 1981 வரை நடத்திய ஓக்லண்டு சமுதாயப் பள்ளிக்குக் கலிஃபோர்னியா சட்டமன்றமே 1977இல் பாராட்டுக் கொடுத்தது. மூன்று வேளை உணவும் கல்வியும் இலவசம். இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. இருபத்தொரு வயதில் கணவரைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்து, ராக்லி வழக்கில் ஈராண்டு சிறையிலிருந்து, நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வராததால் வழக்குத் தள்ளுபடியாகி வெளியே வந்தவர் அவர். அந்தப் பள்ளிக்கு வந்த பொதுப்பணத்தில் 15,000 டாலரைக் கையாடிய குற்றத்தை நியூட்டன் 1989இல் மறுக்காமல் ஏற்றார். நியூட்டன் கியூபாவில் இருந்தபோது 1974 முதல் 1977 வரை கட்சியை நடத்தியவர் எலேன் பிரவுன். பள்ளியின் பெண் நிர்வாகி ஒருவரை ஆண் உறுப்பினர்கள் தாடை உடையும்படி அடித்ததற்கு நியூட்டன் துணைபோனபோது அவர் வெளியேறினார். 1992இல் வந்த அவருடைய சுயசரிதை கட்சிக்குள் இருந்த ஆணாதிக்கத்தையும் அடிதடியையும் ஒளிக்காமல் சொல்கிறது. அதே சமயம் அதிகாரத்தின் ருசியில் தாமும் மயங்கியதை ஏறத்தாழ ரசித்துச் சொல்கிறது. நூலின் பலமும் பலவீனமும் அதுவே. பின்னாளில் மேற்கு ஓக்லண்டில் சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தரும் காய்கறித் தோட்டம் தொடங்கி, ஏழைகளுக்கு 79 வீடுகள் கொண்ட குடியிருப்பையும் எழுப்ப முன்னின்றார் என்பதை அந்நூலுக்குப் பிந்திய அத்தியாயமாகச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எல்ட்ரிட்ஜ் கிளீவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அல்ஜீரியா, பாரிஸ், கிறிஸ்தவ ஊழியம், மார்மன் சபை, குடியரசுக் கட்சி, கொக்கெய்ன் என்று அவர் போன வளைவுகளைப் பலரும் வியப்போடு எழுதியிருக்கிறார்கள். என்னை உறுத்துவது அதற்கு முந்தையது. பெண்களை வன்புணர்ந்ததைத் தம் நூலிலேயே எழுதிய மனிதரைக் கட்சி தன் தகவல் அமைச்சராக ஆக்கியது. 1968 ஏப்ரல் 6 அன்று 17 வயது பாபி ஹட்டன் போலீஸ் குண்டுக்குப் பலியான மோதலை, போலீஸைத் தாக்கத் தாமே திட்டமிட்டதாகக் கிளீவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். கைகளை உயர்த்தி வந்த சிறுவனைச் சுட்டது போலீஸ்; அந்தச் சிறுவனை அங்கே கூட்டிப்போனது கிளீவர். அவர் பிற்காலத்தில் மாறியது கட்சிக்கு நேர்ந்த துரோகம் இல்லை. ஆள் பிடிக்கும்போதே கட்சி செய்த பிழை அது.

பாபி ரஷ் விஷயத்தில் தீர்ப்பு அவ்வளவு எளிதாக வரவில்லை. ஹாம்ப்டனின் தோழர், 1993 முதல் 2023 வரை காங்கிரஸ் உறுப்பினர், 2000இல் தம்மை எதிர்த்து நின்ற பராக் ஒபாமாவைத் தோற்கடித்தவர். கறுப்பின இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகச் சிறைக்கு அனுப்ப உதவிய 1994 குற்றச் சட்டத்துக்கு வாக்களித்தவரும் அவரே. பின்னர் அதற்காக வெட்கப்படுவதாகச் சொன்னார். கூட்டுக்கொலைகளைத் தேசியக் குற்றமாக்கும் எம்மெட் டில் சட்டத்தைக் கொண்டுவந்து, 2022இல் நிறைவேறும்வரை விடாமல் நின்றவரும் அவரே. நூறாண்டுக்கு மேலாகப் பலமுறை முயன்று தோற்ற சட்டம் அது. பதவி மட்டும் சாதனையாகாது என்று முன்பே சொன்னேன். அந்தச் சட்டம் சாதனை, அந்த வாக்கு பழி. இரண்டையும் ஒரே ஆள் கணக்கில்தான் எழுத முடியும்.

ஆதரவாளர்கள் சொல்லும் ஒரு பெருமையையும் உரசிப்பார்க்க வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளின் இலவசக் காலை உணவு கருஞ்சிறுத்தைகளால் வந்தது என்பார்கள். அவர்கள் ஓக்லண்டின் புனித அகஸ்டின் ஆலயத்தில் அடுப்பு மூட்டியது 1969 ஜனவரியில். அரசின் காலை உணவுத் திட்டம் சோதனை அளவில் 1966இலேயே தொடங்கிவிட்டது. எனவே கண்டுபிடித்த பெருமை அவர்களுக்கு இல்லை. ஆனால் அது 1975இல் நிரந்தரத் திட்டமானதற்கு, இட்ட சோற்றால் அரசை வெட்கப்படவைத்த பல அழுத்தங்களில் இவர்களுடையதும் ஒன்று என்று சொல்வது பொருந்தும். ஹூவரே 1969 மே மாதக் குறிப்பில், கட்சியை முடக்கும் முயற்சிக்குப் பெரிய தடை துப்பாக்கி என்று சொல்லவில்லை, இந்தக் காலை உணவைத்தான் சொன்னார். அரிவாள்செல் சோகையை ஊர் ஊராகச் சோதித்து அந்த நோயைப் பேசுபொருளாக்கியது இதைவிடத் தெளிவான வெற்றி. 1972இல் அதற்கெனத் தேசியச் சட்டமே வந்தது.

இந்தப் பெயர் நமக்கும் வந்து சேர்ந்த ஒன்று. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் நண்பர்களும் தலித் பாந்தர் தொடங்கினார்கள். 1980களில் மதுரையில் மலைச்சாமி வழியாகத் தமிழகத்தில் வேர்விட்டு, பின்னர் விடுதலைச் சிறுத்தைகளாக வளர்ந்தது. தமிழில் கருஞ்சிறுத்தைகளைப் பற்றி நான் படித்தவற்றில் தோல்சட்டையும் துப்பாக்கியும் ஓக்லண்டும் நிறைய வருகின்றன. வின்ஸ்டன்-சேலத்து ஆம்புலன்ஸ் வருவதில்லை. ஓர் இயக்கத்தின் பெயரை எடுத்துக்கொண்டவர்களுக்கு அதன் கிளைகளின் கதை தலைமையகத்தின் கதையைவிட அதிகம் பயன்படும்.

என் தீர்ப்பு இதுதான். கருஞ்சிறுத்தைக் கட்சியை அழித்த முதல் குற்றவாளி அமெரிக்க அரசு; இதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாவது குற்றவாளி, ஊர்க் கிளைகளை விழுங்கி எல்லா அதிகாரத்தையும் ஒரே மனிதரிடம் குவித்த ஓக்லண்டுத் தலைமை. ராக்லி, வான் பாட்டர், மல்லாய் ஆகியோருக்கு நேர்ந்ததை விளக்க எஃப்.பி.ஐ.யை மட்டும் அழைப்பது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி. நியூட்டன் 1980இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வு, கட்சிமீது அரசு தொடுத்த போரைப் பற்றியது. அதில் உள்ளது பெரும்பாலும் சரி, அதில் இல்லாததுதான் குறை. கட்சி உருவாக்கிய மனிதர்களை எடைபோட்டால், நியூட்டனின் முடிவைவிட வுட்ஃபாக்ஸ், ஹக்கின்ஸ், மல்லாய், ஓ'நீல் தம்பதி ஆகியோரின் நீண்ட வாழ்க்கைகளே கட்சியின் உள்ளியல்பைக் காட்டுகின்றன என்பேன். அவர்கள் எண்ணிக்கையில் அதிகம், வெவ்வேறு ஊர்களில் இருந்தவர்கள், ஒரே மாதிரி வேலையைத் தொடர்ந்தவர்கள்.

கருஞ்சிறுத்தைகளைத் திருந்தாத வன்முறையாளர்கள் என்று இன்றும் சொல்பவர்கள் இரண்டு பேரைச் சேர்த்துப் பார்க்கட்டும். ராக்லியைச் சுட்டவர்களில் ஒருவர் வாரன் கிம்ப்ரோ. குற்றத்தை ஒப்புக்கொண்டார், அரசுத் தரப்புக்குச் சாட்சி சொன்னார், ஐந்தாண்டுகூட முடியாமல் வெளியே வந்தார். ஹார்வர்டில் கல்வியியல் படித்து, நியூ ஹேவனுக்கே திரும்பி, சிறையிலிருந்து வருபவர்களுக்கு வேலையும் தங்குமிடமும் தேடித்தரும் 'புராஜெக்ட் மோர்' அமைப்பை 2009இல் இறக்கும்வரை நடத்தினார். அதே 1969இல் கலிஃபோர்னியாவில் கைதான கருஞ்சிறுத்தை ரொமெய்ன் ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பரோல் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டது. பக்கவாதம் வந்து, நடக்கக் கம்பு தேவைப்பட்டும் விடவில்லை. 51 ஆண்டுகள் உள்ளேயே இருந்து 2021 மார்ச்சில் இறந்தார். கொலையைச் செய்த ஒருவரை நம்பி வெளியே விட்டபோது என்ன கிடைத்தது என்பதை நியூ ஹேவன் கால் நூற்றாண்டு பார்த்தது. கலிஃபோர்னியா அந்தச் சோதனையை ஒருமுறைகூடச் செய்து பார்க்கவில்லை.